வீட்டுக்கு வர வேண்டியது எந்த ஸ்கேன்?

மாலைவெயில் (இழையைத் தொடங்கியவர்)

அப்பாவுக்கு இதயம் பலவீனமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்துவிட்டதால் அவ்வப்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான். இரவில் படுத்தால் மூச்சு முட்டும். ஒரு தலையணை இரண்டாகும், இரண்டு மூன்றாகும். விடிந்ததும் மருத்துவமனைக்கு ஓடுவோம். அங்கே எக்ஸ்ரே, எக்கோ, காத்திருப்பு. படத்தைப் பார்த்த பிறகு மருத்துவர் நீர் பிரியும் மாத்திரையின் அளவைக் கூட்டுவார், அல்லது இரண்டு நாள் உள்நோயாளியாகச் சேர்ப்பார். சென்ற முறை எக்ஸ்ரே அறைக்கு வெளியே சக்கர நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வீடு திரும்பும்போது, "இனிமேல் என்னை அங்கே கொண்டுபோகாதே" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எல்லாம் ஒரு காலத்தில் மருத்துவமனைக்குள் மட்டுமே இருந்தவை. இன்று அலமாரியில் கிடக்கின்றன. ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895இல். இத்தனை காலத்துக்குப் பிறகும் உடலுக்குள் பார்க்கும் கருவி மட்டும் ஏன் வீட்டு வாசலைத் தாண்டவில்லை? சாதாரண பிளக்கில் ஓடும் எம்ஆர்ஐ வந்துவிட்டதாகப் படித்தேன். அது எல்லோர் கைக்கும் எட்டும் விலையில் வீட்டுக்கு வருமா? வராது என்றால் தடை எங்கே இருக்கிறது? துறையில் இருப்பவர்கள் விளக்கமாக எழுதுங்கள்.

---

காந்தக்கல்

எம்ஆர்ஐ கருவிகளுக்கான மின்னணுப் பகுதிகளை வடிவமைக்கும் வேலை எனக்கு. நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் அந்தச் செய்திகளில் விடுபட்டுப்போகும் பகுதிகளைச் சொல்கிறேன்.

மருத்துவமனை எம்ஆர்ஐயின் காந்தப்புலம் பெரும்பாலும் 1.5 டெஸ்லா அல்லது 3 டெஸ்லா. அந்த வலுவை மீக்கடத்திக் கம்பிச்சுருளால்தான், அதாவது மின்தடையே இல்லாத சுருளால்தான், எட்ட முடிகிறது. கம்பிச்சுருள் மீக்கடத்தியாக இருக்க வேண்டுமானால் திரவ ஹீலியத்தில் மூழ்கி, மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் கிடக்க வேண்டும். டன் கணக்கில் எடை. அதைத் தாங்கும் தரை. வெளியே இருந்து வானொலி அலை நுழையாதபடி சுற்றிலும் செம்பு பதித்த அறை. ஹீலியம் திடீரென ஆவியானால் வெளியேற்றத் தனிக் குழாய். நீங்கள் செலுத்தும் கட்டணத்தில் கருவியோடு அந்தக் கட்டடமும் சேர்ந்திருக்கிறது.

புலத்தைக் குறைத்தால் இவை எல்லாம் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. ஹைப்பர்ஃபைன் நிறுவனத்தின் ஸ்வூப் கருவிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020இல் அனுமதி கொடுத்தது. அதன் புலம் 0.064 டெஸ்லா. நிரந்தரக் காந்தம்தான், ஹீலியமே கிடையாது. சக்கரத்தில் உருட்டித் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குப் பக்கத்திலேயே நிறுத்தித் தலையைப் படம் எடுக்கலாம். 2024இல் ஹாங்காங் பல்கலைக்கழகக் குழு 0.05 டெஸ்லாவில் முழு உடலையும் எடுத்துக் காட்டியது. சுவரில் இருக்கும் சாதாரண பிளக். அதிகபட்சம் 1800 வாட், ஏறக்குறைய ஒரு மின்சார இஸ்திரிப் பெட்டி இழுக்கும் அளவு. செம்பு அறைகூட வேண்டாம். சுற்றிலும் சிறு உணர்சுருள்களை வைத்து, அறையில் அலையும் மின்காந்த இரைச்சலைத் தனியாகக் கேட்டு, படத்தின் சமிக்ஞையில் எவ்வளவு இரைச்சல் கலந்திருக்கும் என்று செயற்கை நுண்ணறிவால் கணித்துக் கழித்துவிடுகிறார்கள். என் வேலை நாள்களில் பாதி அந்த இரைச்சலோடுதான் கழிகிறது என்பதால், அந்தக் கட்டுரையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி விலையின் மறுபக்கம். புலம் குறைந்தால் சமிக்ஞையும் குறைகிறது. புலம் குறையும் விகிதத்தைவிட வேகமாகவே குறைகிறது. இதை ஈடுகட்ட ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி காண வேண்டும். தெளிவு இரட்டிப்பாக வேண்டுமா? நேரம் நான்கு மடங்கு. படுத்திருப்பவரால் அத்தனை நேரம் அசையாமல் இருக்க முடியாது. ஆகவே மென்பொருள் படத்தைச் செப்பனிடுகிறது. அங்கேதான் எனக்குக் கவலை. ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள், அரைகுறையாகத் தெரியும் இடத்தைத் தான் பழகியபடி நிரப்பக்கூடும். ஒரு சிறு புண் அங்கே இருந்து, அது அழகாக அழிந்தும்போகலாம்.

எடையையும் பாருங்கள். ஸ்வூப் 600 கிலோவுக்கு மேல். தனி வீட்டுக்கு எம்ஆர்ஐ என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சிறு மருத்துவமனைக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எம்ஆர்ஐ என்றால் என் முழு உழைப்பையும் தருவேன்.

---

கூழாங்கல்

சிடி ஸ்கேன் சிறிதாகி வீட்டுக்கு வர வாய்ப்பு உண்டா? அதுதான் சில நொடிகளில் முடிந்துவிடுகிறதே.

---

இரவுப்பணி

வரக் கூடாது. மார்புப் பகுதிக்கு ஒரு முறை சிடி எடுத்தால் உடல் ஏற்கும் கதிர்வீச்சு ஏறக்குறைய 7 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயற்கையாக நமக்கு ஓராண்டில் வந்து சேர்வது உலகச் சராசரியில் 2.4. தேவைப்படும்போது சிடி உயிர் காக்கும். மனம் பதறும்போதெல்லாம் எடுத்துக்கொள்ளும் பொருளாக அது ஆகிவிடக் கூடாது.

நான் ரேடியாலஜிஸ்ட். இரவு முழுவதும் படம் பார்த்து அறிக்கை எழுதுவதே என் வேலை. மாலைவெயில், உங்கள் அப்பாவின் நிலை எனக்குப் புரிகிறது. இருந்தும் இந்த இழையின் தலைப்பே எனக்கு அச்சம் தருகிறது.

தென்கொரியாவில் 1999இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் குறைந்த கட்டணத்தில் கழுத்துக்கும் ஓர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சேர்த்துக்கொள்ளலாம் என்று பல மருத்துவமனைகள் முன்வந்தன. மக்களும் ஆர்வமாக எடுத்துக்கொண்டார்கள். 2011இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்றுநோய், 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கு. ஆனால் அந்த நோயால் இறந்தவர்களின் விகிதம் அசையவே இல்லை. வாழ்நாள் முழுவதும் தொல்லை தராமல் கிடந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் கழுத்தில் கத்தி பட்டது. அறுவை செய்துகொண்டவர்களில் 11 சதவீதத்தினருக்கு, இரத்தத்தின் கால்சியம் அளவைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பி பாதிக்கப்பட்டது. 2 சதவீதத்தினருக்குக் குரல் நாண் செயலிழந்தது. அந்த ஸ்கேன் விலை மலிவாக இருந்தது, உடலுக்குத் தீங்கற்றதாகவும் இருந்தது. இந்த இழையில் நாம் கேட்பதும் அதே இரண்டையும்தான்.

எம்ஆர்ஐக்கும் இதே கதி. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் பொதுமக்கள் 2000 பேரின் மூளையைப் படம் எடுத்தார்கள். முடிவு 2007இல் வெளியானது. 7.2 சதவீதத்தினருக்கு அவர்களே அறியாமல் வந்துபோன மூளை இரத்தஅடைப்பின் தழும்பு இருந்தது. 1.8 சதவீதத்தினருக்கு இரத்தக்குழாய் வீக்கம். 1.6 சதவீதத்தினருக்குத் தீங்கற்ற கட்டி. தலைக்குள் ஒரு குழாய் வீங்கியிருக்கிறது என்று தெரிந்துகொண்ட மனிதர் அன்று இரவு எப்படித் தூங்குவார்? அறுவையும் ஆபத்து, விட்டுவைப்பதும் ஆபத்து என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

---

மாலைவெயில்

டாக்டர், நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கொரியாவில் நடந்தது எனக்குத் தெரியாது. வருத்தமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த மக்கள் நோய் இல்லாதபோது நோயைத் தேடினார்கள். நான் எதையும் தேடவில்லை. அப்பாவுக்கு என்ன நோய் என்பது மூன்று ஆண்டுகளாகத் தெரியும். எனக்கு இருப்பது ஒரே கேள்வி: இன்று நுரையீரலில் நீர் நேற்றைவிடக் கூடியிருக்கிறதா, இல்லையா? அந்தக் கேள்விக்காகத்தான் ஒரு மனிதரை மாடிப்படியில் தூக்கி இறக்கி, காரில் ஏற்றி, நான்கு மணி நேரம் நாற்காலியில் உட்கார வைக்கிறோம்.

---

அலைமுகம்

மாலைவெயில் அக்கா, உங்கள் கேள்விக்கு எம்ஆர்ஐ வேண்டாம். அல்ட்ராசவுண்ட் போதும்.

நான் எக்கோ எடுக்கும் தொழில்நுட்பப் பணியாளர், பன்னிரண்டு ஆண்டுகளாக. நாங்கள் படிக்கும்போது நுரையீரலுக்கு அல்ட்ராசவுண்ட் உதவாது என்றே சொல்லிக்கொடுத்தார்கள். காற்று இருக்கும் இடத்தில் ஒலி அலை உள்ளே போகாமல் முட்டித் திரும்பிவிடும் என்பதுதான் காரணம். அதே குறைதான் பிறகு வழிகாட்டியானது. நுரையீரல் காற்றால் நிறைந்திருந்தால் திரையில் படுக்கைக் கோடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். நீர் கோத்துக்கொண்டால் மேலிருந்து கீழே திரையின் அடிவரை செங்குத்தாகப் பளிச்சென்ற கோடுகள் விழும். பி-கோடுகள் என்போம். நீர் கூடக்கூடக் கோடுகள் பெருகும். மாத்திரை வேலை செய்து நீர் இறங்கினால் அவையும் குறையும். கண்ணெதிரே குறைவதை நானே பல நோயாளிகளிடம் பார்த்திருக்கிறேன். எண்ணத் தெரிந்தவர் எவரும் எண்ணலாம்.

கருவியும் சிறிதாகிவிட்டது. உடலின் மேல் வைத்துப் பிடிக்கும் பகுதியைப் புரோப் என்போம். பழைய புரோப்பில், ஒலி அலையை எழுப்பும் பீசோ மின்படிகங்களை நுணுக்கமாக அறுத்து அடுக்க வேண்டும். ஆழத்துக்கு ஒன்று, மேலோட்டத்துக்கு ஒன்று என்று தனித்தனிப் புரோப்புகளும் வேண்டும். பட்டர்ஃபிளை நிறுவனம் ஏறக்குறைய 9000 நுண் உணரிகளை ஒரே சிலிக்கான் சில்லில் பதித்து, கைபேசியில் செருகும் கருவியாகக் கொண்டுவந்து, 2017இல் அனுமதி பெற்றது. கணினிச் சில்லு செய்யும் முறையிலேயே செய்வதால் விலை இறங்கியது. இன்று கையடக்கக் கருவிகளைப் பல நிறுவனங்கள் செய்கின்றன.

"பயிற்சி இல்லாதவர் எடுக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். 2021இல் வெளியான ஓர் ஆய்வில், அல்ட்ராசவுண்ட் புரோப்பைத் தொட்டே பழகாத 8 செவிலியர்கள் 240 நோயாளிகளுக்கு எக்கோ எடுத்தார்கள். "கொஞ்சம் சாய்க்கவும், கொஞ்சம் திருப்பவும்" என்று மென்பொருள் திரையில் வழிகாட்டியது. இதயத்தின் இடது கீழறை எவ்வளவு பெரிதாக இருக்கிறது, எவ்வளவு நன்றாகச் சுருங்குகிறது என்று மதிப்பிட 98.8 சதவீதம் படங்கள் தகுதியாக இருந்தன. எக்கோவுக்குப் புரோப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். விலா எலும்புகளுக்கு நடுவே இருக்கும் சிறு சந்துக்குள் ஒளிந்திருக்கும் உறுப்பு இதயம். நுரையீரல் அப்படி இல்லை. மார்பின் மேல் பரந்து கிடக்கிறது.

---

காந்தக்கல்

அலைமுகம் சொன்னதைப் படித்ததும் விலை பற்றி இன்னும் ஒன்று எழுதத் தோன்றியது. கருவி மலிவானால் ஸ்கேன் மலிவாகிவிடும் என்று என்னைப்போன்ற பொறியாளர்கள் நினைத்துக்கொள்கிறோம். படம் எடுப்பது ஒரு செலவு. புரோப்பைச் சரியான இடத்தில் பிடிக்கத் தெரிந்த கை இன்னொரு செலவு. படத்தைப் படித்துப் பொருள் சொல்பவரின் நேரம் மூன்றாவது செலவு. சில்லு மலிவாவதால் முதல் செலவுதான் குறையும். வீடு தோறும் தினம் ஒரு படம் எடுத்தால், இரவுப்பணி போன்றவர்கள் எத்தனை பேர் வேண்டும்? உலக மக்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அடிப்படை எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் வசதிகூடக் கிடைக்கவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இருக்கும் மருத்துவர்களின் நேரத்தை வசதியுள்ள வீடுகளின் படங்களே விழுங்கிவிடும்.

---

விழித்திரை

> வீடு தோறும் தினம் ஒரு படம் எடுத்தால்

அப்படி எடுக்கிறார்கள். அதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதைச் சொல்லத்தான் வந்தேன். கண் மருத்துவத் துறையில் இருக்கிறேன்.

வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி சிதையும் நோய் உண்டு. அதில் ஈரவகை வந்தால் விழித்திரைக்கு அடியில் நீர் கசியும். கண்ணுக்குள் ஊசி மருந்து போட வேண்டும். தாமதித்தால் போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. நீர் கசிகிறதா என்று பார்ப்பது ஓசிடி என்ற ஒளிப்படக் கருவி. 1991இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவானது. மிக நுண்ணிய படம்; ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பிரித்துக் காட்டும். அந்த ஓசிடியை வீட்டிலேயே, நோயாளியே பயன்படுத்தும் கருவிக்கு 2024 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நோட்டல் விஷன் என்ற நிறுவனத்தின் கருவி. நோயாளி அதில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். படத்தில் உள்ள நீரின் அளவை மென்பொருள் கணக்கிடும். எந்த அளவைத் தாண்டினால் தனக்குச் செய்தி வர வேண்டும் என்று மருத்துவர் முன்பே குறித்துவைத்திருப்பார். தாண்டாத நாள்களில் எந்த மருத்துவரும் அந்தப் படத்தைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

அந்தக் கருவி கண்ணில் வேறு என்ன நோய் இருக்கிறது என்று தேடுவதில்லை. கண்டறியப்பட்ட ஒரு நோய். அளக்கப்படுவது நீர் ஒன்றுதான். எல்லையை மருத்துவர் வகுக்கிறார். மாலைவெயில் கேட்பதும் இதே மாதிரிதான் எனக்குத் தெரிகிறது. அங்கேயும் நீர்தான்.

---

தனிவழி

விலை பேசும்போது ஒன்றை எல்லோரும் விட்டுவிடுகிறீர்கள். என் மனைவியின் சிகிச்சைக்காக, மருத்துவர் சொல்லி, கையடக்க ஸ்கேன் கருவி ஒன்றை வாங்கினோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கருவியின் விலையைக் கொடுத்தோம். பிறகு ஆண்டுச் சந்தா. சந்தாவைப் புதுப்பிக்கத் தவறிய மாதம், முன்பு எடுத்த படங்களைக்கூடத் திறக்க முடியவில்லை. அவளுடைய உடலின் படங்கள்! அவற்றைப் பார்க்க அவளுக்கே அனுமதி இல்லை. அன்று எனக்கு வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை.

மலிவு என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். படம் டைகாம் போன்ற பொது வடிவத்தில் நம் கையில் இருக்க வேண்டும். பழுதானால் பக்கத்தில் ஒருவரால் திறந்து பார்க்க முடிய வேண்டும். காந்தக்கல், உங்கள் துறையிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு அல்லவா?

---

காந்தக்கல்

உண்டு. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் உருவான திறந்த வடிவமைப்பு. சிறு நியோடிமியம் காந்தக் கட்டிகளை ஹால்பாக் முறையில் வளையமாக அடுக்குகிறார்கள். புலம் வளையத்துக்கு உள்ளே திரண்டு நிற்கும், வெளியே கசிவது மிகக் குறைவு. அதன் பாகங்களை உகாண்டாவின் முபராரா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, அங்கேயே இரண்டு வாரத்துக்குள் பூட்டி முடித்துப் படம் எடுத்தார்கள். குழந்தைகளின் தலையில் நீர் தேங்கும் நோய் அந்தப் பகுதியில் அதிகம். அதைக் கண்காணிப்பதுதான் திட்டத்தின் நோக்கம். நீர்த்தேக்கம் பெரிய வடிவம் என்பதால் மங்கலான படமே போதும். அங்கேயும் கேள்வி குறுகலாக இருப்பதைக் கவனியுங்கள். கேள்வி குறுகக் குறுக, கருவி எளிதாகிக்கொண்டே போகிறது. இத்தனை ஆண்டுகளில் இதை நான் இப்படி யோசித்ததில்லை.

---

இரவுப்பணி

விழித்திரை எழுதிய மாதிரியை நான் ஏற்கிறேன். என் அச்சம் தேடலைப் பற்றியது. தொடர் கண்காணிப்பைப் பற்றியது அல்ல. இரண்டையும் ஒரே சொல்லால் "வீட்டு ஸ்கேன்" என்று அழைத்ததால்தான் அவ்வளவு கடுமையாக எழுதிவிட்டேன். பார்சிலோனாவில் 123 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. நுரையீரல் அல்ட்ராசவுண்டைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைத்தபோது, அவசரமாக மருத்துவமனைக்கு ஓடிவருவது குறைந்தது. அதை எடுத்தவர்கள் மருத்துவர்கள், இடம் மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவு. வீட்டில் செய்யலாம் என்பதற்கு அது சான்றாகாது. ஆனால் கேள்வி சரியான கேள்விதான் என்று காட்டுகிறது.

இருந்தாலும் சிலவற்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆக்சிமீட்டரை நினைத்துப் பாருங்கள். வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த பிறகு, 2020இல் ஓர் ஆய்வு சொன்னது: இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருப்பதை அது தவறவிடுவது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். தோலின் நிறம் ஒளியை மாற்றுகிறது. ஒரு கருவி எந்த உடல்களில் சோதிக்கப்பட்டதோ அந்த உடல்களில்தான் அதை நம்பலாம். பருமனானவர், மெலிந்தவர், குழந்தை, முதியவர் எல்லோரிடமும் சோதித்த பிறகே வீட்டுக்கு வர வேண்டும்.

அடுத்து, அல்ட்ராசவுண்ட் கருவி வீட்டில் இருந்தால் நுரையீரலோடு நிற்காது. கருவின் பாலினத்தை அறிவதைத் தடுப்பதற்காகச் சில நாடுகளில் அந்தக் கருவியை வைத்திருக்கவே பதிவு வேண்டும். அந்தச் சட்டங்கள் பல பெண் குழந்தைகளின் உயிரை நினைத்து எழுதப்பட்டவை. நுரையீரல் கோடுகளை மட்டும் எண்ணிச் சொல்லி, வேறு எந்தப் படத்தையும் திரையில் காட்டாத கருவியாக இருந்தால் என் எதிர்ப்பு பெருமளவு குறையும்.

மூன்றாவது, பொய்யான ஆறுதல். படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, மூச்சு முட்டுகிறவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. மாலைவெயில், இதை உங்களுக்காகவே எழுதுகிறேன். திரை என்ன சொன்னாலும், அப்பா திணறினால் கிளம்பிவிடுங்கள்.

---

கூழாங்கல்

கருவியை ஏன் ஒவ்வொருவரும் வாங்க வேண்டும்? மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களுக்கு மட்டும் இரவலாகக் கொடுத்து, பிறகு திருப்பி வாங்கி, அடுத்தவருக்குக் கொடுக்கலாமே. நூலகத்தில் புத்தகம் போல.

---

அலைமுகம்

கூழாங்கல், மிக நல்ல யோசனை. இதய நோயாளிகள் மீண்டும் வந்து சேர்வது பெரும்பாலும் அந்த முதல் வாரங்களில்தான். கருவியோடு பயிற்சி கொடுக்க ஒரு செவிலியரும் ஒரு முறை வீட்டுக்கு வந்தால் இன்னும் நல்லது.

---

மாலைவெயில்

எல்லோருக்கும் நன்றி. நேற்று அப்பாவின் மருத்துவரிடம் இந்த இழையைப் பற்றிப் பேசினேன். முதலில் தயங்கினார். பிறகு, துறையில் ஒரு கையடக்கக் கருவி இருக்கிறது, அதை நான்கு வாரம் சமூகச் செவிலியர் மூலம் வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றார். வாரத்துக்கு மூன்று நாள் அவர் வந்து எடுப்பார். மற்ற நாள்களில் நான் எடுத்து அனுப்ப வேண்டும். மருந்தை மாற்றுவது மருத்துவர் மட்டுமே. தினமும் காலையில் எடை பார்ப்பதையும் விடக் கூடாது என்றார். அப்பாவிடம் சொன்னபோது, "அந்த நாற்காலிக்குப் போக வேண்டாம் என்றால் எதையும் செய்" என்றார்.

அலைமுகம், நான் எடுக்கும் நாளில் எதில் தவறு செய்வேன் என்று நினைக்கிறீர்கள்?

---

அலைமுகம்

இடத்தில்தான், அக்கா. புதிதாக எடுப்பவர்கள் எல்லோரும் முதலில் தடுமாறுவது அதில்தான். இன்று ஒரு விலா இடைவெளியில் எடுத்துவிட்டு நாளை அதற்குக் கீழே எடுத்தால், நீர் கூடியதா இடம் மாறியதா என்று தெரியாது. பொதுவாகப் பக்கத்துக்கு நான்காக எட்டு இடங்கள் பார்ப்போம். உங்களுக்கு எத்தனை என்று செவிலியர் சொல்வார். முதல் நாள் அவர் புரோப் வைக்கும் இடங்களில் தோலில் எழுதும் பேனாவால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். குளித்த பின் மீண்டும் வரையுங்கள். அப்பா உட்கார்ந்திருந்தால் எப்போதும் உட்கார்ந்தே இருக்கட்டும். படுத்தால் கோடுகளின் எண்ணிக்கை மாறும். திரையின் ஆழ அளவைத் தொடாதீர்கள். ஜெல் தாராளமாகப் போடுங்கள், அதற்குமுன் உள்ளங்கையில் வைத்துச் சற்றுச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வயதானவர்களுக்கு அந்தக் குளிர் திடுக்கென்றிருக்கும். திடுக்கிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

முதல் வாரம் படங்கள் மோசமாக இருந்தால் மனம் தளர வேண்டாம். இங்கே எழுதுங்கள், எந்த இடத்தில் கை நழுவுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.